‘நஸீபு’ என்று சொல்லி அவளுடைய மருந்தை எடுத்து வைக்காதீர்கள்



சென்ற ரமளானில் ஒரு நாள் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு அமர்ந்திருந்தபோது, என்னிடம் ஓதி முடித்துச் சென்ற மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முறை கரு உண்டாகி, இரண்டும் ஒன்பதாவது வாரத்திற்குள் கலைந்துவிட்டன. இது மூன்றாவது. ஏழாவது வாரத்தில் இரத்தக்கசிவு கண்டிருக்கிறது. மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கருவின் இதயத்துடிப்பு இருப்பதை அவளுக்குக் காட்டி, புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மாத்திரையைக் காலையும் இரவும் பிறப்புறுப்பினுள் வைத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கு நாட்கள் வைத்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஹார்மோன் மருந்துகள் பன்றியிலிருந்து எடுக்கப்படுபவை, கருவறையில் நிற்பதும் நிற்காததும் அல்லாஹ்வின் நாட்டம், அதில் மாத்திரை வைத்துத் தலையிடுவது ஈமானின் பலவீனம், போதாக்குறைக்கு அது நோன்பையும் முறித்துவிடும் என்பது அதன் சாரம். அன்று மாலையே அவளுடைய மாமியார் மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“மாமி கெட்டவங்க இல்ல முஅல்லிமா, பயந்துட்டாங்க. நான் அத வச்சா பாவமா? வைக்காம இருந்தா பாவமா?” என்று கேட்டாள்.

அன்று அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுதப் போவதில்லை. குழந்தை தங்கியிருந்தால் ‘மருந்தின் வெற்றி’ என்பார்கள், தங்காதிருந்தால் ‘அன்றே சொன்னோமே’ என்பார்கள். ஒரு பெண்ணின் கருவறையை நம் வாதத்திற்குச் சாட்சியாக நிறுத்த எனக்கு மனமில்லை.

அந்த ஒலிப்பதிவை நானும் கேட்டேன். அதில் பேசியவர் எடுத்துக்காட்டிய வசனங்கள் உண்மையானவை. தான் நாடியோருக்குப் பெண் மக்களையும் ஆண் மக்களையும் அளிப்பதாகவும் நாடியோரை மலடாக ஆக்குவதாகவும் அஷ்ஷூரா அத்தியாயத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். உருவம் பெற்றதும் பெறாததுமான சதைக்கட்டியைப் பற்றியும், தான் நாடியதைக் குறித்த தவணை வரை கருவறையில் தங்க வைப்பதைப் பற்றியும் அல்ஹஜ் அத்தியாயத்தில் கூறுகிறான். இவற்றை நம்பாதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் ‘எனவே மருந்தை நிறுத்துங்கள்’ என்பது அந்த வசனங்களில் இல்லை. அது பேச்சாளர் சேர்த்துக்கொண்டது.

தாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் நாட்டுப்புற அரபிகள் கேட்டார்கள். செய்துகொள்ளும்படி கூறிய நபியவர்கள், முதுமையைத் தவிர அல்லாஹ் மருந்தில்லாத நோயை வைக்கவில்லை என்று விளக்கினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் ஹதீஸ் இது. கத்ரைப் பற்றிய ஐயம் ஸஹாபாக்களுக்கே எழுந்திருக்கிறது. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டதற்கு, அவனுடைய ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ரை நோக்கியே போகிறோம் என்னும் கருத்தில் பதில் சொல்லி, செழிப்பும் வறட்சியுமாக இரு கரைகள் கொண்ட பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமையாகக் காட்டினார்கள். எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ரே. நோய் கத்ர் என்றால் மருந்தும் கத்ர்தான். அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அன்று அவளைக் கொண்டு சேர்த்ததும் கத்ர்தான்.

இதே வீடுகளில் இஃப்தாருக்கு உட்காரும் பெரியவர்களின் கையருகே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேரீச்சம்பழத்திற்குப் பக்கத்தில் சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை. கண்புரைக்கு அறுவை சிகிச்சை, இதயக்குழாய்க்கு ஸ்டென்ட். இவற்றில் எதையும் யாரும் ஈமானின் பலவீனம் என்று சொல்லிக் கேட்டதில்லை. சொல்லவும் கூடாது. மருமகளின் கரு என்று வரும்போது மட்டும் தவக்குல் நினைவுக்கு வருவது ஏன்?

இந்த இடத்தில் அந்தப் பேச்சாளர் ஒரு ஹதீஸை ஆதாரமாகக் காட்டுகிறார். வலிப்பு நோய் கண்ட ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்டார். விரும்பினால் பொறுமையாக இரு, உனக்குச் சுவனம் உண்டு, விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் கூற, அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். ஸஹீஹுல் புகாரியில் வரும் ஆதாரபூர்வமான செய்திதான். சிகிச்சை எல்லா நிலையிலும் கட்டாயக் கடமை அல்ல என்பதற்கு உலமாக்கள் இதைக் காட்டுவதும் உண்மை. ஆனால் அந்த ஹதீஸை மீண்டும் ஒருமுறை நிதானமாக ஓதிப் பாருங்கள். தேர்ந்தெடுத்தவர் யார்? நோயுற்ற அந்தப் பெண்மணி. நபியவர்கள் இரண்டு வழிகளையும் அவர் முன் வைத்துவிட்டு, முடிவை அவரிடமே விட்டார்கள். அவருடைய கணவரிடமோ மாமியாரிடமோ கேட்கவில்லை. மற்றவருக்காக நாம் ஸப்ர் செய்ய முடியாது. இன்னொருத்தியின் மருந்தைப் பூட்டி வைத்துவிட்டு அவளைப் பொறுமையாளி என்று அழைப்பது ஸப்ர் ஆகாது, அது அநியாயம். அந்த ஹதீஸிலிருந்து எனக்கு விளங்குவது இதுதான். மாற்றுக் கருத்துடைய ஆலிம்கள் இருந்தால் தாராளமாக மறுத்து எழுதட்டும்.

அடுத்து பன்றி விஷயம். இந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1934-இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனாண்ட் முதலியோர் புரொஜெஸ்டிரோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தபோது, பன்றிகளின் சினைப்பைகளிலிருந்துதான் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பன்றிகளிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம்தான். அப்படி ஒரு மருந்தை உலகத்திற்குத் தயாரித்துக் கொடுக்க இயலாது. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கு வகை ஒன்றிலிருந்து அதைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். இன்று நம் மருந்துக் கடைகளுக்கு வரும் புரொஜெஸ்டிரோன் அத்தகைய கிழங்கு, சோயா போன்ற தாவரப் பொருட்களை மூலமாகக் கொண்டு ஆய்வகத்தில் செய்யப்படுவது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியை இன்றைய மாத்திரையின் மீது ஒட்டுகிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. சில வகைகளில் மருந்தைப் பொதிந்திருக்கும் மென்மையான உறை ஜெலட்டினால் ஆனது. அது எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்று மருந்தாளுநரிடம் கேட்கலாம், ஜெலட்டின் இல்லாத வேறு நிறுவன மருந்து உண்டா என்றும் கேட்கலாம். கேட்பது நம் உரிமை. பதில் கிடைக்கும் வரை மருந்தை நிறுத்தி வைப்பதுதான் தவறு.

உண்மையிலேயே பன்றியிலிருந்து வரும் மருந்து ஒன்று இந்தத் துறையில் இருக்கிறது, அது ஹார்மோன் அல்ல. சில பெண்களின் இரத்தத்தில் ஆன்டிபாஸ்ஃபோலிபிட் என்னும் எதிர்ப்பொருள்கள் இருந்து, இரத்தம் உறையும் தன்மை மிகுந்து, கரு மீண்டும் மீண்டும் கலையும். அவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் போடுவார்கள். ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. 1997-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், இந்நோயுள்ள பெண்களுள் ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேரும், ஹெப்பாரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். நிர்ப்பந்தத்திற்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்று அல்பகரா அத்தியாயம் தளர்வளிக்கிறது. இந்த நிலையில் மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடமும், இல்லையெனில் சட்டம் என்ன என்று நம்பகமான முஃப்தியிடமும் கேட்டுச் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பிடம் கேட்கக் கூடாது.

இதுவரை படித்தவர்கள், நான் ஹார்மோன் மருந்துக்காக வாதாடுகிறேன் என்று எண்ணியிருக்கலாம். அப்படியல்ல. மாத்திரையைப் பூட்டுகிறவர்கள் மீது எனக்குள்ள அதே வருத்தம், கேட்காமல் கொடுக்கிறவர்கள் மீதும், என்னவென்று அறியாமல் விழுங்குகிறவர்கள் மீதும் உண்டு. நம் ஊர்களில் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போன அன்றே ‘தங்குவதற்கு ஊசி’ என்று கேட்டு வாங்கிப் போடும் வழக்கம் இருக்கிறது. அந்த ஊசியை நானும் போட்டுக்கொண்டவள்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. முதல் கரு பத்தாவது வாரத்தில் போயிற்று. இரண்டாவது உண்டானதும் வாரம் ஒரு ஹார்மோன் ஊசி என்று ஆரம்பித்தார்கள். எந்தப் பரிசோதனையும் இல்லை. ஏன் போடுகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, அழைத்துச் சென்றவர்களும் கேட்கவில்லை. இடுப்பில் தாயத்து, கையில் ஊசி. அதுவும் போயிற்று. மூன்றாவதும் அப்படியே. “அவ வயித்துல தங்காது” என்று அடுப்படியில் பேசிக்கொண்டது திண்ணை வரை கேட்டது. பிறகு என் ராத்தா வேறோர் ஊரில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் ஊசியைப் பற்றிப் பேசும் முன்பே இரத்தம் எடுத்தார், என் கணவரையும் வரச் சொன்னார். எனக்குத் தைராய்டு சுரப்பி மிகக் குறைவாக வேலை செய்வது தெரிந்தது. நாள்தோறும் அதிகாலையில் ஒரு சிறிய மாத்திரை. அடுத்த ஆண்டு என் மகள் பிறந்தாள். அல்ஹம்துலில்லாஹ். தைராய்டுதான் மூன்று இழப்புகளுக்கும் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மூன்று முறை இழந்த ஒருத்தியின் இரத்தத்தை அதுவரை யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் என் நெஞ்சில் இன்றும் உறுத்துகிறது.

இப்போது புரொஜெஸ்டிரோன் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று பார்ப்போம். கருமுட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில், மஞ்சள் நிறமான ஒரு சிறு சுரப்பி உண்டாகிறது. கருவறையின் உட்சுவரைக் கருவுக்கு ஏற்றதாக வைத்திருக்கும் புரொஜெஸ்டிரோனை ஆரம்ப வாரங்களில் சுரப்பது அதுவே. ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வாரத்திற்குள் நச்சுக்கொடி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. இந்த ஹார்மோன் இல்லாமல் கரு நிற்காது என்பது உறுதி. அதனாலேயே, கரு கலைகிற எல்லாப் பெண்களுக்கும் இதை வெளியிலிருந்து கொடுத்தால் போதும் என்று பல்லாண்டுகள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை முறையாகச் சோதித்தவர்கள் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரி குமாரசாமி தலைமையிலான குழுவினர். காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் கருவை இழந்த 836 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இதே 400 மில்லிகிராம் மாத்திரையையும் மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரையையும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 66 பேருக்கும் பெறாதவர்களில் 63 பேருக்கும் குழந்தை பிறந்தது. தற்செயலாகவும் வரக்கூடிய வேறுபாடு என்பதால் பலன் நிறுவப்படவில்லை. இந்தக் கணக்கில் நம் வீட்டுப் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பலமுறை இழந்த பெண்கள், எந்த மருந்தும் இல்லாத பிரிவிலும், நூற்றுக்கு 63 பேர் அடுத்த முறை தாயாகியிருக்கிறார்கள். ‘அவளுக்குத் தங்காது’ என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த எண்ணை எழுதி அடுப்படியில் ஒட்டிக்கொள்ளட்டும்.

அதே குழுவினர் பிறகு, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இரத்தக்கசிவு கண்ட 4,153 பெண்களிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 75-க்கு 72, அங்கும் உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் அவர்களுள் முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை இழந்தவர்களைத் தனியே பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 72 பேருக்கும் பெறாதவர்களில் 57 பேருக்கும் குழந்தை கிடைத்திருந்தது. இது சிறிய வேறுபாடு அன்று. இதையெல்லாம் எடைபோட்டு, 2021 நவம்பரில் இங்கிலாந்தின் நைஸ் என்னும் அரசு சார்ந்த மருத்துவ வழிகாட்டு நிறுவனம் ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஸ்கேனில் கரு கருவறைக்குள் இருப்பது உறுதியாகி, இரத்தக்கசிவும் இருந்து, முன்பு ஒரு முறையேனும் கருவை இழந்தவராயின், இந்த மாத்திரையை நாளொன்றுக்கு இருவேளை வைக்கலாம், இதயத்துடிப்பு தெரிந்தால் பதினாறு வாரம் முடியும் வரை தொடரலாம் என்பது அது. என் மாணவியின் நிலையை மீண்டும் பாருங்கள். இரண்டு இழப்பு, இரத்தக்கசிவு, ஸ்கேனில் துடிப்பு. எந்தப் பெண்ணுக்கு இந்த மருந்தால் பலன் இருக்கலாம் என்று இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு கண்டுபிடித்தார்களோ, அந்தப் பெண்ணிடமிருந்துதான் அதை எடுத்துப் பூட்டினார்கள். இரத்தக்கசிவே இல்லாத, முன்பு ஒன்றையும் இழக்காத பெண்ணுக்கோ கேட்டு வாங்கி ஊசி போடுகிறார்கள்.

கேட்காமல் கொடுத்ததால் வந்த கேடு ஒன்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. டை-எத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்று ஒரு செயற்கை ஹார்மோன். கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லி 1940-களிலிருந்து அமெரிக்காவில் எத்தனையோ கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-இல் சிகாகோவில் நடந்த ஆய்வு அதனால் பலனில்லை என்று காட்டியது. அதன் பிறகும் பதினெட்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 1971-இல் போஸ்டன் மருத்துவர்கள் இளம்பெண்கள் எட்டுப் பேருக்குப் பிறப்புறுப்பில் அரிதான புற்றுநோய் வந்திருப்பதைக் கண்டு ஆராய்ந்தபோது, அவர்களுள் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் இந்த மருந்தை உட்கொண்டிருந்தது தெரிந்தது. புரொஜெஸ்டிரோன் அந்த மருந்து அல்ல, இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் ‘ஹார்மோன்தானே, போட்டு வைப்போம்’ என்ற பேச்சுக்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலையை மறக்கவும் வேண்டாம். நான் போட்டுக்கொண்டதைப் போன்ற வார ஊசிகளில் பரவலாக இருந்த ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் கேப்ரோயேட், குறைப்பிரசவத்தைத் தடுப்பதில் பலன் நிறுவப்படவில்லை என்று 2023-இல் அமெரிக்காவில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. எனவே மருத்துவரிடம், ‘இது எந்த ஹார்மோன், எனக்கு ஏன், எத்தனை வாரம்’ என்று கேளுங்கள். உள்ளே வைக்கும் மாத்திரைக்குக் கிடைத்த ஆய்வு முடிவை வேறொரு வாய்வழி மாத்திரைக்கோ ஊசிக்கோ அப்படியே பொருத்திப் பேச முடியாது. கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாத மருத்துவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

நோன்பைப் பற்றிய கேள்வி நியாயமானது. நம் பகுதியில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் பழைய நூல்களில், பெண்ணுறுப்பினுள் மருந்து வைப்பது நோன்பை முறிக்கும் என்றே இருக்கிறது. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இன்றைய மருத்துவ அறிவை முன்வைத்து ஆராய்ந்து, உள்ளே வைக்கும் மாத்திரை நோன்பை முறிக்காதவற்றுள் சேரும் என்று முடிவு செய்தது. மத்ஹபைப் பேண விரும்புகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஸஹருக்கு முன்பும் மஃரிபுக்குப் பின்பும் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு யோசிக்கவும் தேவையில்லை. கருவுக்கு ஆபத்து என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விடவே அனுமதி இருக்கிறது. பிறகு களாச் செய்ய வேண்டும். கருவுக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் ஃபித்யாவும் உண்டு. அல்லாஹ் திறந்து வைத்த வாசலை மூடிவிட்டு, அந்த நோன்பைச் சொல்லியே மருந்தைப் பறிப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

கர்ப்பத்தில் கசிவு கண்டவுடன் தொழுகையை விட்டுவிடலாமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஹனஃபி மத்ஹபில் கர்ப்பிணி காணும் இரத்தம் இஸ்திஹாளா, தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்படி, நிபந்தனைகள் பொருந்தினால் அது ஹைளாகவும் ஆகலாம். உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸஜ்தாவில் குனிந்தால் கரு நழுவிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கண்ணேறு உண்மை என்று ஹதீஸில் வந்திருக்கிறது, நானும் நம்புகிறேன். காலை மாலை திக்ருகளையும் முஅவ்விததைன் ஸூராக்களையும் மாணவிகளுக்குக் கற்றுக் கொடுக்கிறேன். ஆனால் ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, குரோமோசோம்களின் எண்ணிக்கை பிழையாக அமைந்ததால் கலைகின்றன. அவள் மாடிப்படி ஏறியதால் அல்ல, பப்பாளி தின்றதால் அல்ல, மக்ரிபு நேரத்தில் வாசலில் நின்றதால் அல்ல. எந்த ஹார்மோனும் அப்படிப்பட்ட கருவை நிறுத்தாது. இதை அறியாமல் ‘நீ என்ன செய்தாய்’ என்று அவளைக் கேட்கும் ஒவ்வொரு வீட்டிலும், துக்கத்தில் இருப்பவளின் மீது ஒரு பழியையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று இழப்புகளுக்குப் பிறகு செய்ய வேண்டியவை தெளிவானவை. ஆன்டிபாஸ்ஃபோலிபிட் எதிர்ப்பொருள் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை, கருவறையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேன், மருத்துவர் தேவை என்றால் கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை. இருவருக்கும் என்பதை அழுத்தி எழுதுகிறேன். அந்த இரத்தத்தைக் கொடுக்க வராத மாப்பிள்ளைதான், அடுத்த மாதம் இரண்டாம் திருமணப் பேச்சுக்கு உட்கார்ந்திருக்கிறார். ஜமாஅத் பெரியவர்கள் அத்தகைய பேச்சு தம்மிடம் வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘பரிசோதனை முடிவுகள் எங்கே’ என்பதுதான்.

அந்த மாணவியிடம் தொலைபேசியை மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன். அவரை எனக்குத் தெரியும், மதரஸா விழாவுக்கு வந்திருக்கிறார். “மாமி, உங்க முதல் பிள்ளைக்கு முன்னாடி உங்களுக்கு எத்தனை போச்சு?” என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசவில்லை. “ரெண்டு” என்றார். “யார்கிட்டயாவது சொன்னீங்களா?” “எங்க உம்மாகிட்ட மட்டும்.” ஒன்றை எந்தத் துணியில் சுற்றினார்கள், கொல்லையில் எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்பதையும் சொன்னார். நாற்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத செய்தி. கலைந்துபோன கரு மறுமையில் தன் தாயைத் தொப்புள்கொடியால் இழுத்துக்கொண்டு சுவனம் செல்லும் என்று வரும் ஹதீஸைச் சொன்னேன். இப்னு மாஜாவில் வருவது, அறிவிப்பாளர் தொடரைப் பற்றி விமர்சனம் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் அழுதார்.

பிறகு அலமாரிச் சாவியை எடுக்கும் ஓசை கேட்டது.